வயலும் மூலைவிட்டமும்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த பழமையான ஊர் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்றும் இதனை வழங்குவர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவர் இதனைப் போற்றுவர். முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 1997-ஆம் ஆண்டு முதல் திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. இதன் தென்மேற்கே செம்பரம்பாக்கம் பேரேரி பரந்து கிடக்கின்றது. அதனைப் போன்ற ஏரிகளின் நீரை நம்பியே இப்பகுதியின் உழவுத்தொழில் பல நூற்றாண்டுகளாக நடைபெற்று வந்தது.

ஏரிப்பாசன வயல்கள் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல அமைவதில்லை. வாய்க்கால் வளைந்து செல்லும் இடத்தில் வரப்பும் வளையும். மேடு சரியும் இடத்தில் வயலும் சாயும். ஒரு வயலுக்கு நான்கு வரப்புகள் இருக்கலாம். ஆயினும் நான்கு மூலைகளும் செங்கோணமாக அமைவது அரிது. இத்தகைய வயலின் பரப்பை எவ்வாறு அறிவது? விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும், வரி விதிக்கும் அரசுக்கும், பாகம் பிரித்துக்கொள்ளும் உடன்பிறந்தார்க்கும் இவ்வினா பொதுவானது.

செங்கற்பட்டுப் பகுதியில் நிலத்தைக் காணிக் கணக்கில் சொல்வது வழக்கம். இருபத்துநான்கு அடி நீளமுள்ள கோல் ஒன்றால் நீளமும் அகலமும் ஒவ்வொரு கோலாக அளந்தால் கிடைக்கும் சதுரம் ஒரு குழி. அதன் பரப்பு 576 சதுர அடி. நூறு குழி கொண்டது ஒரு காணி. அஃதாவது 57,600 சதுர அடி. காணியை இருபத்துநான்கு கூறாக்கினால் ஒரு கூறு 2,400 சதுர அடியாகும், அதுவே மனை. வயல்கள் வீடுகளாக மாறிவிட்ட இக்காலத்தில் காணியும் குழியும் வழக்கிலிருந்து குறைந்துபோயின; மனை மட்டும் விலைபேசுவோர் நாவில் நிலைத்து நிற்கின்றது. ஏக்கரின் நூறில் ஒரு பங்காகிய சென்டும் அவ்வாறே நிலைத்துள்ளது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அரசின் ஏடுகள் ஹெக்டேரிலும் ஏரிலும் எழுதப்பட்டபோதிலும், மக்கள் பேச்சு சென்டிலும் மனையிலுமே நடைபெறுகின்றது.

இனி, ஒரு வயலை எடுத்துக்கொள்ளலாம். அதன் எதிரெதிர் வரப்புகள் சமமானவை. நீண்ட வரப்புகள் இரண்டும் 200 அடி. குறுகிய வரப்புகள் இரண்டும் 150 அடி. இதன் பரப்பு யாது என்று கேட்டால், இருநூற்றை நூற்றைம்பதால் பெருக்கி, 30,000 சதுர அடி என்று விரைந்து கூறுவோர் பலர். எதிர் வரப்புகள் சமமாக இல்லாவிடின், அவற்றைக் கூட்டிப் பாதியாக்கிப் பின்பு பெருக்குவர். இம்முறை மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டிலும் வழங்கியது. கி.பி. 628-இல் நூல் இயற்றிய பிரமகுப்தர் என்னும் கணித அறிஞர் இம்முறையைக் குறிப்பிட்டு, இது பருமட்டான கணக்கே என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றார்.

பருமட்டம் என்றால் எவ்வளவு? இதனை அறிய நான்கு மூங்கிற் குச்சிகள் போதும். அவற்றின் முனைகளைக் கயிற்றால் கட்டி நாற்கரம் ஒன்று செய்து, ஒரு மூலையை மெல்லத் தள்ளினால் அது சாய்கின்றது. குச்சிகளின் நீளம் ஒரு நூலளவும் மாறவில்லை. உள்ளே அடங்கிய இடமோ குறைகின்றது. தள்ளிக்கொண்டே சென்றால், இறுதியில் குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பரப்பு அறவே இல்லாமற்போகும். ஆகவே, நான்கு பக்கங்களின் நீளம் தெரிந்துவிட்டால் வயலின் பரப்பு தெரிந்துவிடும் என்பது தவறு. அந்த நான்கு நீளங்களுக்குள் எத்தனையோ வயல்கள் அடங்கும். அவற்றுள் மூலைகள் செங்கோணமாயுள்ள ஒன்றற்கு மட்டுமே மேற்சொன்ன பெருக்கல் பொருந்தும். ஏனையவற்றிற்கெல்லாம் அது மிகுதியான விடையையே தரும். ஒருபோதும் குறைவாகத் தருவதில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். வரி வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இம்முறை இனித்திருக்குமே அன்றி, வரி செலுத்துவோர்க்கும் வாங்குவோர்க்கும் இனித்திராது.

முன் சொன்ன வயலின் ஒரு மூலை 60 பாகைக் கோணமாக இருப்பின், அதன் உண்மைப் பரப்பு ஏறத்தாழ 25,980 சதுர அடியே. பெருக்கிக் கண்ட முப்பதாயிரத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 4,000 சதுர அடிக்கும் மேல். ஒன்பது சென்டுக்கு மேற்பட்ட நிலம். ஒன்றரை மனைக்கும் கூடுதலான இவ்விடம் மண்ணில் இல்லாமல் தாளில் மட்டும் இருக்கின்றது. அதற்கும் விலை கொடுப்பான் வாங்குபவன்.

அம்மூங்கிற் சட்டத்தின் எதிரெதிர் மூலைகள் இரண்டை ஐந்தாவது குச்சி ஒன்றால் இணைத்துக் கட்டினால், பின்பு அது எப்பக்கமும் சாயாது. இதற்குக் காரணம் யாது? நாற்கரம் இப்போது இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. மூன்று பக்கங்களின் நீளம் தெரிந்துவிட்டால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான். அதனைச் சாய்க்கவோ நெளிக்கவோ இயலாது. நில அளவைக் கலை முழுவதும் இவ்வொரு பண்பின்மீதே நிற்கின்றது. எதிர் மூலைகளை இணைக்கும் அக்கோட்டை மூலைவிட்டம் என்பர்; பழைய கணிதத்தில் கர்ணம் என்பர். 1980 வரை ஊர்தோறும் நிலக்கணக்கு எழுதிவந்த அலுவலருக்கும் கர்ணம் என்றே பெயர். அச்சொல் கரணம் என்பதிலிருந்து வந்தது. எனினும் வயலின் கர்ணத்தை அறியாத ஊர்க் கர்ணம் ஒருவர் தம் வேலையைச் செய்திருக்க இயலாது.

வயலை அளப்போர் முதலில் நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் கழிகளை நட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றை நோக்கி, இடையே சங்கிலியை நேராக இழுப்பர். 1620-ஆம் ஆண்டில் எட்மண்டு கன்டர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த சங்கிலி நெடுங்காலம் இந்நாட்டிலும் பயன்பட்டது. அதன் நீளம் 66 அடி. அதில் நூறு கண்ணிகள் உண்டு. 66 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரம் சரியாகப் பத்து சென்ட் ஆகும். பத்துச் சதுரங்கள் ஓர் ஏக்கராகும். வெயிலில் நின்று கணக்கிடுவோர்க்கு இஃது எத்துணை எளிது!

சங்கிலியை இழுத்துச் செல்லும்போது, வயலின் மற்ற மூலைக்கு நேரே வந்ததும் அளப்பவர் நிற்பார். அவ்விடத்திலிருந்து அம்மூலைக்குச் செங்குத்தாக உள்ள தொலைவை அளப்பார். இதற்குக் குத்தளவு என்று பெயர். செங்கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை; ஒன்றற்கொன்று செங்குத்தான இரு பிளவுகளை உடைய தடி ஒன்றை ஊன்றி, ஒரு பிளவின் வழியே சங்கிலிக் கோட்டையும் மற்றொன்றின் வழியே மூலைக் கல்லையும் நோக்கி உறுதி செய்வர். மேற்கூறிய வயலில் நீண்ட மூலைவிட்டம் 304.1 அடி. அதில் 123.3 அடி சென்றதும் ஒரு புறத்து மூலையும், 180.8 அடி சென்றதும் மறுபுறத்து மூலையும் நேர்படும். இரு குத்தளவுகளும் 85.4 அடியே. மூலைவிட்டத்தை இரு குத்தளவுகளின் கூட்டுத்தொகையால் பெருக்கிப் பாதியாக்கினால் 25,970 சதுர அடி வரும். சற்றுக் குறைய 60 சென்ட். கோணத்தை அளக்காமலே உண்மைப் பரப்பு கிடைத்துவிட்டது. வரப்பு வளைந்து சென்றால், வளைவுதோறும் ஒரு குத்தளவு எடுத்துக்கொள்வர். வேலை நீளுமே தவிர முறை மாறாது.

நிலத்தை நுணுகி அளக்கும் கலை ஐரோப்பியரோடு இந்நாட்டிற்கு வந்ததன்று. முதலாம் இராசராச சோழன் தன் ஆட்சியில் நாடெங்கும் நிலம் அளப்பித்தான். பதினாறு சாண் நீளமுள்ள கோல் அக்காலத்தில் வழங்கியது. உலகளந்த கோல் என்பது அதன் பெயர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், ஊரின் மொத்த நிலம் இவ்வளவு என்று சொல்லி, அதிலிருந்து ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் சுடுகாடும் நீக்கி, எஞ்சிய நிலத்திற்கே வரி கணக்கிடப்பட்டிருப்பதைக் காணலாம். வேலியை 320 கூறாக்கி முந்திரி என்றும், அம்முந்திரியை மீண்டும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றும், அதற்கும் கீழே சென்றும் எழுதினர். இத்துணைச் சிறு பின்னம் கோலால் அளந்து கண்டதாக இராது. கணக்கில் பெருக்கி வகுத்து வந்ததாகவே இருக்க வேண்டும். ஆயினும் ஓர் அரசின் கணக்கர் பின்னத்தை அறுத்துத் தள்ளாமல் இறுதிவரை எழுதினர் என்பது வியப்பிற்குரியதே.

கோலும் சங்கிலியும் காலால் நடந்து செல்லக்கூடிய இடத்திற்கே உதவும். இடையே ஏரி குறுக்கிட்டால் என் செய்வது? நீரின்மேல் சங்கிலியை இழுக்க இயலாது. இங்கேதான் திரிகோணமிதி துணைக்கு வருகின்றது. அதுவும் முக்கோணத்தின் கலையே; ஆயினும் பக்கங்களுக்கு மாறாகக் கோணங்களை அளந்து பக்கங்களை வருவிக்கும் கலை.

ஏரியின் இக்கரையில் நேரான இடமொன்றில் 500 அடி அளந்து, இரு முனைகளிலும் கழி நடலாம். அக்கரையில் தனித்து நிற்கும் பனைமரம் ஒன்றைக் குறியாகக் கொள்ளலாம். முதற் கழி, பனைமரம் அதற்குச் செங்கோணத்தில் அமையும்படி நடப்பட்டதாகக் கொள்க. இரண்டாம் கழியிலிருந்து பார்க்கும்போது கோணம் 75 பாகை என்று கொள்க. 75 பாகையின் டான்ஜென்ட் 3.732 என்று அட்டவணை கூறும். அதனை 500-ஆல் பெருக்கினால் 1,866 அடி. முதற் கழிக்கும் பனைமரத்திற்கும் இடையே உள்ள தொலைவு அதுவே. ஒருவர் காலும் நனையவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கோணத்தை 75 என்பதற்கு மாறாக 76 எனத் தவறாக நோக்கிவிட்டால், விடை 2,005 அடியாகிவிடும். ஒரு பாகைப் பிழையால் ஏறத்தாழ 140 அடி மிகும். அடிக்கோட்டை 500 அடியாக வைக்காமல் 1,866 அடியாகவே நீட்டினால், கோணம் 45 பாகையாகும். அப்போது ஒரு பாகைப் பிழை விளைவிக்கும் கேடு ஏறத்தாழ 66 அடியோடு நின்றுவிடும். முக்கோணம் ஒல்லியாக இருப்பின் பிழை பெருகும். மூன்று புறமும் தக்கவாறு பருத்திருப்பின் பிழை அடங்கும். அடிக்கோடு நீளமாகவும், அளவு பிழையற்றும், கோணமானி நுட்பமாகவும் இருத்தல் வேண்டும் என்று அளவையாளர் வலியுறுத்துவது இதனால்தான்.

சென்னையில் இக்கலையைக் கற்பிக்க 1794-ஆம் ஆண்டிலேயே பள்ளி ஒன்று தோன்றியது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய அந்த நில அளவைப் பள்ளியே, பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. ஏரிகளையும் கால்வாய்களையும் பழுது பார்ப்பதற்கு அளக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டனர் என்பது அப்பள்ளி தோன்றியதற்குக் காரணங்களுள் ஒன்று.

எட்டு ஆண்டுகள் கழித்து, பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே உள்ள பரங்கிமலையின் அடியில், உலகம் வியந்த அளவை ஒன்று தொடங்கிற்று. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படை அலுவலர் 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் அங்கே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையின் அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை சென்ற அக்கோட்டின் நீளம் ஏழரை மைலுக்குச் சற்று மிகுதி; ஏறத்தாழ 40,006 அடி. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை நானூறு முறை வைத்து எடுத்து அளந்தனர். சீனப் பேரரசருக்குக் கொடையாகக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே விரும்பப்படாமற் போன கருவிகளுள் ஒன்று அச்சங்கிலி.

அதனைத் தரையில் கிடத்தவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை நிரலாக வைத்து, மட்டம் பார்த்து, அவற்றினுள் சங்கிலியை நீட்டினர். பெட்டிகளில் வெப்பமானிகளும் வைத்தனர். அளந்ததோ கோடைக்காலம். எஃகு வெப்பத்தால் நீளும். பத்துப் பாகை சென்டிகிரேடு வெப்பம் மிகுந்தால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் ஏழில் ஒரு பங்கே நீளும். இஃது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நானூறு முறை வைத்து எடுக்கும்போது அவ்வொரு பங்கு நாலரை அடிக்கும் மேலாகப் பெருகி நிற்கும். பெட்டிகளைச் சுமந்து, முக்காலிகளை மாற்றி வைத்து, வாரக்கணக்கில் அவ்வெயிலில் உழைத்த தொழிலாளர்களின் பெயர்கள் நூல்களில் அரிதாகவே காணப்படுகின்றன.

அடிக்கோடு ஒன்று போதும். அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்று ஒன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கால் அறியலாம். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகளாகும். இங்ஙனம் முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் குன்றுகளையும் கோபுரங்களையும் பற்றிக்கொண்டு அளவை பரவியது. கோணங்களை அளக்க இலண்டனிலிருந்து வந்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். பின்பு கருவி இன்னது என்று அறிந்து மதிப்புடன் அனுப்பிவைத்தனர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதனை ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. நிலம் அளந்த சோழன் எடுப்பித்த கோயிலிலேயே நிலம் அளக்கும் கருவி அடிபட்டது! லாம்டன் கூடாரத்தில் தனித்திருந்து, ஆறு வாரம் உழைத்து அதனைச் செப்பம் செய்தார்.

இவ்வளவு பாடுபட்டதன் பயன் யாது? சென்னைக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையே உள்ள நிலம், அதுவரை வரையப்பட்ட படங்களில் காட்டியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறுகியது எனத் தெரிய வந்தது. 1804-இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோடு அளந்து பார்த்தனர். பரங்கிமலைக் கோட்டிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்ட நீளத்திற்கும், சங்கிலியால் நேரே அளந்த நீளத்திற்கும் வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவே. இவ்வளவையே வடக்கே நீண்டு இமயம்வரை சென்றது. 1852-இல் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞர் எவரெஸ்டுச் சிகரமே உலகில் மிக உயர்ந்தது எனக் கணக்கிட்டறிய அஃது அடிப்படையாயிற்று.

இப்பேரளவை உழவர் நலம் கருதித் தொடங்கப்பட்டதன்று. நாட்டைப் பிடித்தவர்கள் அதன் வடிவை அறியவும் வரி தண்டவும் படை செலுத்தவும் விரும்பியதே அதன் தோற்றுவாய். எனினும் அதே முக்கோண முறை பின்னர் ஊர்களையும் வந்தடைந்தது. ஊரின் எல்லையைத் தியோடலைட்டால் அளந்து, ஊரைக் கண்டங்களாகப் பிரித்து, கண்டத்தை வயல்களாகப் பிரித்து, வயலைச் சங்கிலியால் அளந்தனர். மூலைகளில் கற்கள் நட்டனர். 1923-ஆம் ஆண்டின் நில அளவை எல்லைகள் சட்டம் அக்கற்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. எல்லைக் கல்லைப் பெயர்ப்பது குற்றமாகும்.

இன்று சங்கிலிக்கு மாறாக ஒளிக்கதிரால் தொலைவை அளக்கும் கருவிகளும், செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெற்று இடத்தைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் வருவாய்த் துறையின் புலப்படத்தை விரித்துப் பார்ப்பவர், வயலின் எல்லைகளோடு அதன் உள்ளே ஓடும் மூலைவிட்டங்களையும், அவற்றிலிருந்து கிளைக்கும் குத்தளவுகளையும் எண்களோடு காண்பர். கிரயப் பத்திரம் அவ்வாறன்று. பூந்தமல்லியில் இன்றும் எழுதப்படும் பத்திரங்களில் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, கீழ்புறம் இத்தனை அடி, மேல்புறம் இத்தனை அடி என நான்கு புறங்களின் அளவே எழுதப்படுவது பெரும்பான்மை. கீழே மொத்தப் பரப்பும் எழுதப்பட்டிருக்கும். முன் கண்ட வயல் அங்ஙனம் எழுதப்பட்டிருப்பின், 30,000 என்பது உண்மையா, 25,980 என்பது உண்மையா என்று அப்பத்திரம் ஒன்றைக் கொண்டே சொல்ல எக்கணித அறிஞராலும் இயலாது. ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை நடந்து அளந்தால் விடை கிடைத்துவிடும். நாடா 250 அடி காட்டினால் வயல் செவ்வகம். 304 அடி காட்டினால் அது சாய்ந்த வயல். மற்றை மூலைவிட்டத்தையும் அளந்து, அது 180 அடி காட்டுகின்றதா என்று பார்த்துக்கொள்வது சரிபார்ப்பு. அளப்போர் அதனை விடுவதில்லை.